கர்ப்பப்பையில் நார்க்கட்டி என்று ஸ்கேன் சொல்லிவிட்டதா? முதலில் என்ன, அப்புறம் என்ன

ஸ்கேன் ரிப்போர்ட்டில் ‘ஃபைப்ராய்டு’ என்ற வார்த்தையைப் பார்த்த அன்றைக்கே பாதிப் பேர் யூடியூபைத் திறந்துவிடுகிறார்கள், மீதிப் பேர் அக்காவுக்கோ சித்திக்கோ போன் போடுகிறார்கள். யூடியூப் மலைவேம்புச் சாறு குடிக்கச் சொல்லும். சித்தி, “குழந்தைதான் ரெண்டு ஆயிடுச்சே, எடுத்துப் போட்டுட்டு நிம்மதியா இரு” என்பார். இந்த இரண்டுக்கும் நடுவே ஏழெட்டு வழிகள் இருக்கின்றன. ஒன்றும் செய்யாமல் கவனித்து வருவதும் அதில் ஒரு வழிதான் என்பது, டாக்டர் அறையை விட்டு வெளியே வரும்போதுகூடப் பலருக்குத் தெரிவதில்லை. எந்த வழி என்பதை நீங்களும் டாக்டரும் சேர்ந்துதான் முடிவு செய்ய வேண்டும், அதில் நான் தலையிடப் போவதில்லை. ஆனால் அந்த நாற்காலியில் போய் உட்காருவதற்கு முன்னால் எதைத் தெரிந்துகொண்டு, எதைக் கையில் எடுத்துக்கொண்டு போக வேண்டும் என்பதை வரிசையாக எழுதுகிறேன்.

சரி, இது என்ன கட்டி? கர்ப்பப்பையின் தசையிலிருந்தே கிளம்பி வளரும் கெட்டியான உருண்டை. புற்றுநோய் இல்லை. 50 வயதுக்குள் பெரும்பாலான பெண்களுக்குச் சிறியதாகவோ பெரியதாகவோ ஒன்றிரண்டு வந்துவிடுகிறது. அமெரிக்காவில் ஸ்கேன் செய்து பார்த்த ஆய்வில் 50 வயதுக்குள் வெள்ளையினப் பெண்களில் சுமார் 70 சதவீதம் பேருக்கும், கறுப்பினப் பெண்களில் 80 சதவீதத்துக்கு மேலானவர்களுக்கும் இருந்தது. அதில் பெரும்பாலோருக்கு எந்தத் தொந்தரவும் கிடையாது. வேறு எதற்கோ ஸ்கேன் எடுக்கப் போய்த்தான் தெரியவருகிறது. ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டிரோன் என்ற இரண்டு ஹார்மோன்களால் வளர்வதால், மாதவிடாய் நின்ற பிறகு இது தானாகவே சுருங்க ஆரம்பிக்கும். அம்மாவுக்கோ அக்காவுக்கோ இருந்தால் உங்களுக்கும் வர வாய்ப்பு அதிகம், உடல் எடை கூடுதலாக இருந்தாலும் அதிகம். குடம் தூக்கியதாலோ, வண்டி ஓட்டியதாலோ, பிரசவத்துக்குப் பிறகு பத்தியம் இருக்காததாலோ வரவில்லை. இன்னொன்று: சினைப்பையில் வரும் நீர்க்கட்டி வேறு, இது வேறு. பக்கத்து வீட்டு அக்கா நீர்க்கட்டிக்குச் சாப்பிட்டதை நீங்கள் இதற்குச் சாப்பிட வேண்டாம்.

முதலில்: இது அவசரமா, இல்லையா?

பெரும்பாலும் இல்லை. ஆனால் சில சமயம் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். ஒரு மணி நேரத்துக்கு ஒரு பேடு முழுக்க நனைந்து, அது இரண்டு மணி நேரத்துக்கு மேல் நிற்காமல் போனால், எழுந்து நின்றால் தலை சுற்றினால், படி ஏறினால் மூச்சு வாங்கினால், நெஞ்சு படபடத்தால், யோசிக்காமல் கிளம்புங்கள். திடீரென்று கடுமையான வயிற்று வலியும் காய்ச்சலும் சேர்ந்து வருவது, சிறுநீர் முட்டிக்கொண்டு நின்றும் வெளியே வராமல் இருப்பது, கர்ப்பமாக இருக்கும்போது ரத்தம் படுவது, இதெல்லாமும் அப்படித்தான். மாதவிடாய் நின்று ஒரு வருடம் ஆனபிறகு ஒரு சொட்டுப் பட்டாலும் “பழைய கட்டிதான்” என்று விட்டுவிடக் கூடாது. அது அந்த மணி நேரத்து அவசரம் இல்லை, அந்த வாரத்து அவசரம்.

இதில் எதுவும் இல்லையென்றால் உங்களுக்கு நேரம் இருக்கிறது. “நாளைக்கே அட்மிட் ஆகிடுங்க” என்று யாராவது சொன்னால், நாளைக்கே எதற்கு என்று கேட்கும் உரிமையும் இருக்கிறது.

காலண்டரை எடுங்கள்

சமையலறையில் பால் கணக்கு எழுதும் மாதக் காலண்டர் இருக்கிறதல்லவா, அதுவே போதும், ஆப் எல்லாம் தேவையில்லை. ரத்தப்போக்கு தொடங்கிய நாளையும் நின்ற நாளையும் வட்டம் போடுங்கள். ஒவ்வொரு நாளுக்கும் எத்தனை பேடு மாற்றினீர்கள், அது முழுக்க நனைந்ததா பாதியா, கட்டிகட்டியாகப் போனதா, ராத்திரி எழுந்து மாற்ற வேண்டியிருந்ததா, வலி மாத்திரை போட்டீர்களா, வேலைக்கு லீவு போட்டீர்களா என்று நாலைந்து எழுத்தில் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டு மாதம் எழுதினால் போதும்.

ஏன் இவ்வளவு சொல்கிறேன் என்றால், டாக்டர் “ப்ளீடிங் எப்படிம்மா இருக்கு?” என்று கேட்டால் நம் ஊரில் வரும் பதில் “கொஞ்சம் அதிகமாத்தான் இருக்கு மேடம்” என்பதுதான். பதினைந்து வருடமாக அப்படியே போய்க்கொண்டிருப்பவர்கள் அதையே சாதாரணம் என்று நினைத்துக்கொள்கிறார்கள். மருத்துவக் கணக்கில் ஒரு சுழற்சிக்கு 80 மில்லிக்கு மேல் போனால் அதிகம். யாரும் அளவு ஜாடி வைத்து அளக்கப் போவதில்லை, அதனால் நடைமுறையில் பார்ப்பது வேறு: ஏழு நாளுக்கு மேல் நீடிக்கிறதா, ஒன்றிரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டியிருக்கிறதா, ஐந்து ரூபாய் நாணயத்தைவிடப் பெரிய ரத்தக் கட்டிகள் போகிறதா, பேடு மேல் பேடு வைத்துக்கொண்டுதான் பஸ் ஏறுகிறீர்களா. இதில் ஒன்றுக்கு ஆமாம் என்றாலும் அதிகம்தான்.

ரத்தப்போக்கைத் தவிர மற்றதையும் எழுதுங்கள். அடிக்கடி சிறுநீர் போக வேண்டியிருப்பது (முன்பக்கக் கட்டி மூத்திரப்பையை அழுத்தும்), மலச்சிக்கல், இடுப்பு வலி, அடிவயிறு கனமாக இருப்பது, ஜாக்கெட் அளவு அப்படியே இருக்கப் பாவாடை நாடா மட்டும் எட்டாமல் போவது. வெள்ளைப்படுதலுக்கு வழக்கமாக இந்தக் கட்டி காரணம் இல்லை, அதைத் தனியாகக் காட்ட வேண்டும்.

கட்டிக்கு முன்னால் ரத்தத்தைப் பாருங்கள்

என்னைக் கேட்டால் இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பகுதியை மட்டும் படியுங்கள் என்று இதைத்தான் சொல்வேன். நார்க்கட்டியைவிட அதனால் வரும் ரத்தசோகைதான் ஆளை அடிக்கிறது. கட்டி 6 சென்டிமீட்டரா 7 சென்டிமீட்டரா என்று வீடே பேசிக்கொண்டிருக்கும், ஹீமோகுளோபின் 7 என்பதை யாரும் கவனித்திருக்க மாட்டார்கள்.

ரத்தப் பரிசோதனையில் சி.பி.சி., ஃபெரிட்டின், டி.எஸ்.எச். மூன்றையும் கேட்டு எடுங்கள். சி.பி.சி. என்பது ஹீமோகுளோபினையும் ரத்த அணுக்களையும் பார்ப்பது. ஃபெரிட்டின் என்பது உடம்பின் இரும்புச் சேமிப்பு. ஹீமோகுளோபின் இறங்குவதற்கு முன்பே இது காலியாகியிருக்கும், முடி கொட்டுவதும் கை கால் அசதியும் அதனால்கூட இருக்கலாம். டி.எஸ்.எச். தைராய்டுக்கு, தைராய்டு குறைந்தாலும் ரத்தப்போக்கு அதிகமாகும், அப்போது பழியைக் கட்டியின் மேல் மட்டும் போட முடியாது. கர்ப்பமில்லாத பெண்ணுக்கு ஹீமோகுளோபின் 12 கிராமாவது இருக்க வேண்டும், 8க்குக் கீழே போனால் உலக சுகாதார நிறுவனத்தின் வரையறைப்படி அது கடுமையான ரத்தசோகை.

இரும்புச்சத்து மாத்திரை ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே இலவசமாகக் கிடைக்கும். சாப்பிடும் முறைதான் முக்கியம்: காபி, டீ, பால், கால்சியம் மாத்திரை எதனுடனும் சேர்க்கக் கூடாது, இரண்டு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள். எலுமிச்சை ஜூஸோடு போட்டால் நன்றாகச் சேரும். மலம் கறுப்பாகப் போகும், பயப்பட வேண்டாம். வயிற்றைப் புரட்டினால் நிறுத்திவிடாமல் டாக்டரிடம் சொல்லுங்கள், ஒருநாள் விட்டு ஒருநாள் போடச் சொல்வார்கள், அப்படிப் போட்டாலும் நன்றாகவே வேலை செய்கிறது. ஹீமோகுளோபின் சரியான பிறகும் மூன்று மாதம் தொடர வேண்டும், இல்லையென்றால் சேமிப்பு நிறையாது. முருங்கைக்கீரை, பேரீச்சம்பழம், சுவரொட்டி எல்லாம் நல்லதுதான், ஆனால் 7இல் இருப்பவரைக் கீரை மட்டும் 12க்குக் கொண்டுவராது. மாத்திரை ஒத்துக்கொள்ளவில்லை அல்லது நேரம் இல்லை என்றால் ஊசி வழியாக இரும்பு ஏற்றலாம். ஃபெரிக் கார்பாக்ஸிமால்டோஸ் என்ற மருந்தில் ஒரே தடவையில் 1000 மில்லிகிராம் வரை ஏற்றிவிட்டு அன்றைக்கே வீட்டுக்கு வரலாம்.

ஆபரேஷன் என்றே முடிவானாலும் இது வீண் இல்லை. ஹீமோகுளோபின் 10க்குக் கீழே இருந்தால் மயக்க மருந்து டாக்டர்கள் பெரும்பாலும் அவசரமில்லாத ஆபரேஷனைத் தள்ளிப்போடச் சொல்வார்கள், அல்லது ரத்தம் ஏற்ற வேண்டிவரும்.

ஸ்கேன் ரிப்போர்ட்டைப் படிப்பது

ஸ்கேன் இரண்டு வகை. வயிற்றின் மேல் எடுப்பதற்குத் தண்ணீர் குடித்துச் சிறுநீர் முட்டும்வரை காத்திருக்க வேண்டும். உள்ளே கருவி வைத்து எடுப்பதற்குச் சிறுநீர் கழித்துவிட்டுப் போக வேண்டும். கட்டி எங்கே இருக்கிறது என்பது உள் ஸ்கேனில் தெளிவாகத் தெரியும். கல்யாணம் ஆகாதவர்களுக்கு வழக்கமாக மேல் ஸ்கேன்தான்.

ரிப்போர்ட்டில் இப்படி ஒரு வரி இருக்கும் என்று வைத்துக்கொள்வோம்: “யூட்ரஸ் பல்கி. ஆன்டீரியர் வால் இன்ட்ராமியூரல் ஃபைப்ராய்டு 5.2 x 4.8 செ.மீ. ஈ.டி. 9 மி.மீ. இரண்டு ஓவரியும் நார்மல்.” பல்கி என்றால் கர்ப்பப்பை கொஞ்சம் பெருத்திருக்கிறது, அவ்வளவுதான், இரண்டு பிள்ளை பெற்றவர்களில் பாதிப் பேருக்கு இப்படி எழுதியிருக்கும். ஆன்டீரியர் என்றால் முன்பக்கம். அடுத்து வரும் இன்ட்ராமியூரல்தான் இந்த வரியிலேயே முக்கியமான சொல், அது இடத்தைச் சொல்கிறது. கர்ப்பப்பையின் சுவருக்குள்ளேயே இருந்தால் இன்ட்ராமியூரல். உள்ளே குழந்தை தங்கும் இடத்தை நோக்கித் துருத்திக்கொண்டு இருந்தால் சப்மியூகோஸல். வெளிப்பக்கமாக வளர்ந்தால் சப்சீரோஸல். காம்பு வைத்துத் தொங்கினால் பெடங்குலேட்டட். ஈ.டி. என்பது உள்சவ்வின் தடிமன். மாதவிடாய் வரும் வயதில் அது நாளுக்கு நாள் மாறும், ஆனால் மாதவிடாய் நின்ற பிறகு ரத்தம் பட்டு, அது 4 மில்லிமீட்டருக்கு மேலும் இருந்தால் சவ்வைக் கொஞ்சம் எடுத்துப் பரிசோதிக்கச் சொல்வார்கள். சில ரிப்போர்ட்டில் ‘ஃபிகோ 2’, ‘ஃபிகோ 5’ என்று எண் போட்டிருக்கும்: 0, 1, 2 உட்பக்கம், 3, 4 சுவருக்குள், 5, 6, 7 வெளிப்பக்கம். எண் இல்லையென்றால் ஸ்கேன் எடுப்பவரிடமே கேளுங்கள், எழுதித் தருவார்கள்.

வீட்டில் எல்லோரும் அளவைத்தான் கேட்பார்கள். ஆனால் உட்பக்கம் இருக்கும் 2 சென்டிமீட்டர் கட்டி மாதாமாதம் ரத்தத்தைக் கொட்ட வைக்கும், கரு தங்கவிடாது. வெளிப்பக்கம் இருக்கும் 6 சென்டிமீட்டர் கட்டி இருக்கிற இடம் தெரியாமல் கிடக்கும். அதனால் “எத்தனை சென்டிமீட்டர்?” என்பதைவிட “எந்த இடம்?” என்பதுதான் முதல் கேள்வி.

அடினோமயோசிஸ் என்று எழுதியிருந்தால் அது இன்னொரு கதை, உள்சவ்வுத் திசு சுவருக்குள் ஊடுருவி இருப்பது. அதற்கும் இதே மாதிரி ரத்தப்போக்கும் வலியும் இருக்கும், ஆனால் தனிக் கட்டியாக வெட்டி எடுக்க வராது. இரண்டும் சேர்ந்தும் இருக்கலாம். சந்தேகமாக இருந்தாலோ, நிறையக் கட்டிகள் இருந்தாலோ, கட்டியை மட்டும் எடுக்கத் திட்டமிட்டாலோ எம்.ஆர்.ஐ. கேட்பார்கள். மற்றபடி எல்லோருக்கும் எம்.ஆர்.ஐ. வேண்டியதில்லை. 45 வயதைத் தாண்டி ரத்தப்போக்கு மாறியிருந்தால் சவ்வுப் பரிசோதனை ஒன்றைச் செய்துவிடுவது நல்லது, அதைத் தட்டிக்கழிக்காதீர்கள்.

“புற்றா மாறிடுமா?” என்ற பயத்துக்கு ஒரு பதில் சொல்லிவிடுகிறேன். நார்க்கட்டி புற்றாக மாறுவது மிக மிக அரிது. நார்க்கட்டி என்று நினைத்து எடுத்தது சார்கோமா என்ற புற்றாக இருந்தது என்பது நடக்கும், ஆனால் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2017இல் கொடுத்த கணக்கின்படி, ஆபரேஷன் வரைக்கும் போனவர்களிலேயே அது 300 பேருக்கு ஒருவர் என்ற அளவுக்குக் கீழேதான். மாதவிடாய் நின்ற பிறகும் கட்டி வளர்ந்தால் கண்டிப்பாகக் கவனிக்க வேண்டும்.

டாக்டரைப் பார்க்கும் முன் உங்களுக்குள் மூன்று கேள்வி

தொந்தரவு இருக்கிறதா, இருந்தால் எது: ரத்தப்போக்கா, அழுத்தமா, கரு தங்காததா? இனிமேல் குழந்தை வேண்டுமா? மாதவிடாய் நிற்க இன்னும் எத்தனை வருடம் இருக்கும்? இந்த மூன்றுக்கும் பதில் தெரிந்தால் முக்கால்வாசி வழிகள் தாமாகவே விலகிவிடும். 47 வயதுக்காரருக்கு இன்னும் நாலைந்து வருடத்தைத் தாண்டினால் போதும், மருந்திலேயே தாண்டிவிட முடிகிறதா என்று பார்க்கலாம். 29 வயதில் கல்யாணம் ஆகிக் குழந்தைக்குக் காத்திருப்பவருக்குக் கணக்கே வேறு.

என்னென்ன வழிகள்

தொந்தரவே இல்லை என்றால் ஒன்றும் செய்ய வேண்டாம். ஆறு மாதத்திலோ ஒரு வருடத்திலோ ஒரு ஸ்கேன், நடுவில் காலண்டர். “இப்பவே எடுத்துட்டா பின்னாடி தொல்லை இல்ல” என்பது கேட்க நன்றாக இருக்கும், ஆனால் பின்னாடி தொல்லையே வராமலும் போகலாமே.

மருந்துகளில் முதலில் வருவது டிரானெக்ஸாமிக் ஆசிட். ஹார்மோன் இல்லை, ரத்தப்போக்கைக் கிட்டத்தட்டப் பாதியாகக் குறைக்கும். ரத்தம் அதிகமாகப் போகும் நாலைந்து நாளுக்கு மட்டும்தான் சாப்பிட வேண்டும். மாதம் முழுக்கச் சாப்பிடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன், அது தப்பு. காலிலோ நுரையீரலிலோ ரத்தம் உறைந்த வரலாறு இருந்தால் கூடாது, அதை டாக்டரிடம் நீங்களே எடுத்துச் சொல்லுங்கள். வலிக்கு மெஃபனாமிக் ஆசிட் கொடுப்பார்கள், அது ரத்தப்போக்கையும் கொஞ்சம் குறைக்கும்.

ஹார்மோன் மாத்திரைகளில் நாரெதிஸ்டெரோன் உங்களுக்கு ஏற்கனவே பழக்கமாக இருக்கலாம், கோயில் விசேஷம், கல்யாணம் என்றால் பீரியட்ஸைத் தள்ளிப்போட மெடிக்கலில் வாங்குவார்களே, அதேதான். கட்டியைக் கரைக்காது, ரத்தப்போக்கை அடக்கும். கருத்தடை மாத்திரையும் அப்படித்தான்.

ஹார்மோன் காப்பர்–டி என்று பேச்சில் சொல்வது உண்மையில் காப்பர் இல்லை, லெவோநார்ஜெஸ்ட்ரல் என்ற ஹார்மோனைக் கர்ப்பப்பைக்குள்ளேயே கொஞ்சம் கொஞ்சமாக விடும் சின்னக் கருவி. மிரேனா என்ற பெயரில் பரவலாகத் தெரியும். இதை நம் பெண்கள் தேவைக்குக் குறைவாகவே பயன்படுத்துகிறார்கள் என்பது என் அபிப்பிராயம். வெளிநோயாளியாகப் போய்ச் சில நிமிடங்களில் வைத்துக்கொண்டு வந்துவிடலாம், ரத்தப்போக்கு வெகுவாகக் குறையும், பல வருடம் தாங்கும், வேண்டாம் என்றால் எடுத்துவிடலாம். முதல் மூன்று, நான்கு மாதம் சொட்டுச் சொட்டாகப் பட்டுக்கொண்டே இருக்கும், அதை முன்கூட்டியே தெரிந்துகொள்ளாதவர்கள்தான் வெறுத்துப்போய் எடுத்துவிடுகிறார்கள். கட்டி உட்பக்கம் துருத்தி அறையின் வடிவத்தையே மாற்றியிருந்தால் இது சரிவராது, நழுவி வெளியே வந்துவிடும்.

கட்டியையே சுருக்கும் மருந்துகளும் உண்டு. மாதம் ஒருமுறை போடும் லூப்ரோலைடு மாதிரியான ஊசி, உடம்பைத் தற்காலிகமாக மாதவிடாய் நின்ற நிலைக்குக் கொண்டுபோகும். மூன்று மாதத்தில் கட்டி நன்றாகச் சுருங்கும், ஆனால் உடம்பெல்லாம் திடீர்ச் சூடு, வியர்வை, எலும்புத் தேய்மானம் என்று பக்கவிளைவு இருப்பதால் ஆறு மாதத்துக்கு மேல் தனியாகக் கொடுப்பதில்லை. நிறுத்தினால் கட்டி பழைய அளவுக்குத் திரும்பிவிடும். அதனால் ஆபரேஷனுக்கு முன் ஹீமோகுளோபினை ஏற்றவும் கட்டியைச் சுருக்கவும்தான் இது. ரெலுகோலிக்ஸ் என்ற மருந்தோடு ஹார்மோன் சேர்த்த மாத்திரைக்கு அமெரிக்காவில் 2021 மே மாதம் அனுமதி கிடைத்தது, இரண்டு வருடம் வரை சாப்பிடலாம். யூலிப்ரிஸ்டால் என்ற மாத்திரையை எழுதிக் கொடுத்தால் மட்டும் ஏன் என்று கேளுங்கள்: கல்லீரல் பாதிப்பு காரணமாக ஐரோப்பிய மருந்து முகமை 2020இல் அதற்குக் கடும் கட்டுப்பாடு விதித்திருக்கிறது.

மலைவேம்பு, கழற்சிக்காய், அத்திப்பால்? நார்க்கட்டியைக் கரைக்கும் என்பதற்கு நம்பகமான ஆதாரம் எதுவும் இல்லை. அதை நம்பி ஆறு மாதம் காத்திருக்கும்போது ஹீமோகுளோபின் இறங்கிக்கொண்டே போவதுதான் ஆபத்து.

கட்டியை மட்டும் எடுப்பது

உட்பக்கக் கட்டி என்றால் ஹிஸ்டெரோஸ்கோப்பி: வயிற்றில் கீறலே இல்லை, கீழ்வழியாகக் கேமரா விட்டுச் சீவி எடுப்பார்கள், பெரும்பாலும் அன்றைக்கோ மறுநாளோ வீடு. உங்கள் கட்டி ஃபிகோ 0 அல்லது 1 என்று இருந்தும் ஒருவர் நேராகக் கர்ப்பப்பையை எடுக்கச் சொன்னால், இன்னொரு டாக்டரைப் பார்க்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

சுவரிலும் வெளியிலும் இருப்பதற்கு மயோமெக்டமி, அதாவது கட்டியை மட்டும் வெட்டி எடுக்கும் ஆபரேஷன்: வயிற்றில் சின்னத் துளை போட்டுச் செய்யும் லேப்ராஸ்கோப்பியிலோ, வயிற்றைத் திறந்தோ செய்வார்கள். குழந்தை வேண்டும் என்பவர்களுக்கு இதுதான் வழக்கமான வழி. மூன்று விஷயம் தெரிந்துகொண்டு போங்கள். புதிதாக வேறு கட்டிகள் முளைக்கலாம், வயது குறைவாக இருக்க இருக்க அந்த வாய்ப்பு அதிகம். ஆழமாகத் தைத்திருந்தால் அடுத்த பிரசவம் சிசேரியனாகத்தான் இருக்கும், கரு தரிக்கவும் சில மாதம் தள்ளிப்போடச் சொல்வார்கள். ரத்தப்போக்கு அடங்காவிட்டால் அங்கேயே கர்ப்பப்பையை எடுக்க நேரும் வாய்ப்பு மிகக் குறைவு, ஆனாலும் சம்மதப் படிவத்தில் அது எழுதியிருக்கும். லேப்ராஸ்கோப்பியில் பெரிய கட்டியைத் துண்டு துண்டாக்கி எடுப்பார்கள். கண்டுபிடிக்கப்படாத புற்று ஏதாவது இருந்தால் வயிற்றுக்குள் சிதறிவிடும் என்று எஃப்.டி.ஏ. 2014இல் எச்சரித்தது, அதனால் “பைக்குள் வைத்துத்தான் துண்டு போடுவீர்களா டாக்டர்?” என்று கேட்பதில் தப்பே இல்லை.

ஆபரேஷன் இல்லாத ஒரு வழி எம்போலைசேஷன். 1995இல் பிரான்ஸ் டாக்டர்கள் முதலில் எழுதி வெளியிட்டது. தொடையிலோ மணிக்கட்டிலோ உள்ள ரத்தக் குழாய் வழியாக மெல்லிய குழாய் விட்டு, கட்டிக்குப் போகும் ரத்தத்தை நுண்ணிய துகள்களால் அடைத்துவிடுவார்கள். கட்டி பட்டினி கிடந்து சுருங்கும், பெரும்பாலும் பாதி அளவுக்கு. முதல் நாள் வலி கடுமையாக இருக்கும், அதற்கு மருந்து ஏற்றிக்கொண்டே இருப்பார்கள். நெதர்லாந்தில் பத்து வருடம் தொடர்ந்து பார்த்த ஆய்வில், இதைச் செய்துகொண்டவர்களில் சுமார் மூன்றில் ஒருவருக்குப் பின்னால் கர்ப்பப்பையை எடுக்க வேண்டியிருந்தது, அதாவது மூன்றில் இருவருக்கு வேண்டியிருக்கவில்லை. குழந்தை வேண்டும் என்பவர்களுக்கு இது முதல் தேர்வு இல்லை. இதைச் செய்பவர் மகப்பேறு டாக்டர் இல்லை, இன்டர்வென்ஷனல் ரேடியாலஜிஸ்ட், அதனால் நீங்களாகக் கேட்காவிட்டால் பல இடங்களில் இந்தப் பேச்சே வராது. ஒலி அலையால் கட்டியைச் சூடாக்கி அழிக்கும் முறையும் சில பெரிய ஊர்களில் இருக்கிறது, எல்லாக் கட்டிக்கும் பொருந்தாது.

கர்ப்பப்பையை எடுப்பது

இதைக் கெட்ட வழி என்று சொல்ல வரவில்லை. குழந்தை போதும், மருந்து எல்லாம் பார்த்தாயிற்று, மாதத்தில் பத்து நாள் படுக்கை என்றிருப்பவருக்கு இது உண்மையிலேயே விடுதலை, செய்துகொண்ட பலர் முன்பே செய்திருக்கலாம் என்பார்கள். கட்டி திரும்பவும் வராது என்று உறுதி சொல்லக்கூடிய ஒரே வழியும் இதுதான். கோபம் வருவது, இதை முதல் வழியாக நீட்டும்போதுதான். 2015–16 தேசியக் குடும்ப நல ஆய்வில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் நூற்றுக்கு மூன்று பேருக்கு மேல் கர்ப்பப்பை எடுத்திருந்தார்கள், ஆந்திராவில் அது கிட்டத்தட்ட ஒன்பது. மகாராஷ்டிராவின் பீட் மாவட்டத்தில் கரும்பு வெட்டப் போகும் பெண்களுக்குக் கூட்டம் கூட்டமாகக் கர்ப்பப்பை எடுத்தது 2019இல் நாடு முழுக்கச் செய்தியானது. தேவையில்லாத கர்ப்பப்பை நீக்கத்தைத் தடுக்க மத்திய சுகாதார அமைச்சகம் 2022இல் வழிகாட்டுதல்கள் வெளியிட்டது, அவற்றை மாநிலங்கள் மூன்று மாதத்துக்குள் நடைமுறைப்படுத்த வேண்டும் என்று 2023 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. ஆக, 40 வயதுக்குக் கீழே இருக்கும் உங்களிடம் இதைச் சொன்னால் காரணம் கேட்பது அதிகப்பிரசங்கித்தனம் இல்லை.

செய்வதென்று முடிவானால் மிக முக்கியமான கேள்வி: “ஓவரியை விட்டுவிடுவீர்களா?” கர்ப்பப்பை வேறு, சினைப்பை வேறு. நார்க்கட்டிக்காகச் சினைப்பையை எடுக்க வேண்டியதில்லை. சீக்கிரமே எடுத்துவிட்டால் மறுநாளே மாதவிடாய் நின்ற உடம்பாகிவிடும், எலும்பு பலவீனமும் இதய நோய் வாய்ப்பும் கூடும். கருக்குழாயை மட்டும் சேர்த்து எடுப்பது பின்னால் சினைப்பைப் புற்று வரும் வாய்ப்பைக் குறைக்கும் என்பதால் அதை இப்போது பரிந்துரைக்கிறார்கள். அப்புறம், கீழ்வழியா, லேப்ராஸ்கோப்பியா, திறந்தா என்று கேளுங்கள். கீழ்வழியும் லேப்ராஸ்கோப்பியும் சீக்கிரம் ஆறும், திறந்து செய்தால் ஆறு வாரம் ஓய்வு. கட்டி மிகப் பெரியதாக இருந்தாலோ முந்தைய சிசேரியன் தழும்புகளால் ஒட்டிக்கொண்டிருந்தாலோ திறந்துதான் செய்ய வேண்டிவரும், அதில் டாக்டரைக் குறை சொல்ல முடியாது.

இரண்டாவது கருத்தும் செலவும்

“டாக்டர், இன்னொருத்தர்கிட்டயும் ஒரு தடவை காட்டிட்டு வந்து சொல்றோம்” என்று நேராகச் சொல்லலாம், நல்ல டாக்டர்கள் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். ஸ்கேன் படத்தையும் ரிப்போர்ட்டையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள், அது உங்கள் சொத்து. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மகளிர் பிரிவில் போய்க் காட்டுவது நல்ல யோசனை. சென்னையில் இருப்பவர்களுக்கு எழும்பூரில் 1844 முதல் நடந்துவரும் அரசு மகப்பேறு மருத்துவமனை இருக்கிறது. காத்திருப்பு நீளம், உட்கார இடம் கிடைக்காது, ஆனால் உங்களுக்கு ஆபரேஷன் செய்வதால் அங்கே யாருக்கும் லாபம் இல்லை.

குடும்ப ஆண்டு வருமானம் ஒரு லட்சத்து இருபதாயிரத்துக்குள் இருந்தால் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் சேரலாம், ஆண்டுக்கு ஐந்து லட்சம் வரை. வருமானச் சான்று, ரேஷன் கார்டு, ஆதாரோடு கலெக்டர் ஆபீஸில் உள்ள காப்பீட்டு மையத்துக்குப் போக வேண்டும். எந்தச் சிகிச்சை எந்த ஆஸ்பத்திரியில் அதில் வரும் என்பதை அட்மிட் ஆவதற்கு முன் அந்த ஆஸ்பத்திரியின் காப்பீட்டுத் திட்ட மேஜையிலேயே கேட்டுவிடுங்கள். தனியார் இன்ஷூரன்ஸ் என்றால் கவனம்: பெரும்பாலான பாலிசிகளில் நார்க்கட்டிக்கும் கர்ப்பப்பை நீக்கத்துக்கும் இரண்டு வருடக் காத்திருப்பு உண்டு. கம்பெனி கொடுக்கும் குரூப் பாலிசியில் பெரும்பாலும் அது இருக்காது, உங்களுடையதோ வீட்டுக்காரருடையதோ இருந்தால் முதலில் அதைப் பாருங்கள்.

செய்த பிறகு

கர்ப்பப்பையை எடுத்தவர்கள் ஆறு வாரத்துக்குத் தண்ணீர்க் குடம், கேஸ் சிலிண்டர், பேரப்பிள்ளை எதையும் தூக்க வேண்டாம். முதல் நாளிலிருந்தே மெதுவாக நடங்கள், படுத்தே கிடந்தால் காலில் ரத்தம் உறையும். காய்ச்சல், துர்நாற்றத்தோடு போக்கு, ஒரு கால் மட்டும் வீங்கி வலிப்பது இதில் எது வந்தாலும் திரும்பிப் போங்கள். மருந்திலோ ஹார்மோன் கருவியிலோ இருப்பவர்கள் மூன்றாவது மாதமும் ஆறாவது மாதமும் ஹீமோகுளோபின் பாருங்கள், ஏறவில்லை என்றால் அந்த வழி உங்களுக்கு வேலை செய்யவில்லை என்று அர்த்தம், அடுத்ததைப் பேச வேண்டும்.

எதை எடுத்திருந்தாலும் அதைப் பரிசோதனைக்கு அனுப்பியிருப்பார்கள். பத்து நாளில் வரும் அந்தப் பயாப்ஸி ரிப்போர்ட்டை வாங்க மறந்துவிட்டுப் போகிறவர்கள் நிறையப் பேர். டிஸ்சார்ஜ் சம்மரியோடு அதையும் வாங்கி, சினைப்பை இருக்கிறதா, கர்ப்பப்பை வாய் இருக்கிறதா, கட்டியை எடுத்தபோது தையல் எவ்வளவு ஆழம் என்பதெல்லாம் எழுதியிருக்கிறதா என்று அங்கேயே நின்று பாருங்கள். இல்லையென்றால் எழுதித் தரச் சொல்லி வாங்கிக்கொண்டு கிளம்புங்கள்.